பேன்டோன் கலர் பிரிட்ஜ் நிறப்புத்தகம்: வேலூர்ப் பக்கத்துப் பெட்டி வேலைகளுக்கு அது எவ்வளவு உதவும்?

பேன்டோன் நிறுவனம் விற்கும் கலர் பிரிட்ஜ் என்ற நிறப்புத்தகத்தை, தனிநிற மையில் (ஒரு நிறத்துக்கென்றே தனியாகக் கலந்த மையில்) அச்சிடப் போகிறவர்களுக்கான பொருள் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆற்காட்டு இனிப்புப் பெட்டி, குடியாத்தத்துத் தீப்பெட்டி, லுங்கி உறை, ஆம்பூர்ச் செருப்புப் பெட்டி என்று இந்தப் பக்கத்து வேலைகளுக்கு வடிவமைப்புச் செய்பவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. எந்த வேலைக்குத் தனிநிறம் தேவையில்லை, நாலு கலரிலேயே (வழக்கமான நான்கு அச்சு மைகளிலேயே) முடித்துவிடலாம் என்பதை வாடிக்கையாளரின் கண்முன் வைத்துக் காட்டுவதற்கே அது எனக்கு அதிகம் உதவுகிறது. இந்த மதிப்புரை முழுவதும் அந்தப் பயனை வைத்தே எழுதப்பட்டது. விளம்பரத்துறை வடிவமைப்பாளர் ஒருவர் இதே புத்தகத்தை வேறு விதமாக மதிப்பிடக்கூடும்.

முதலில் பொருளைப் பற்றி. 1963ஆம் ஆண்டு பேன்டோன் தன் நிற எண் முறையை அறிமுகப்படுத்தியது. ஒரு நிறத்துக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு மைக் கலவை, எனவே உலகின் எந்த மூலையில் அச்சிட்டாலும் ஒரே நிறம் என்பதே அதன் அடிப்படை. கலவை விகிதங்களைத் தருவது ஃபார்முலா கைடு என்ற மற்றொரு புத்தகம். கலர் பிரிட்ஜ் அந்த வேலையைச் செய்வதில்லை. அது ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு கட்டங்களாக அருகருகே அச்சிட்டுத் தருகிறது: இடப்பக்கம் தனிநிற மையில் அச்சிட்டது, வலப்பக்கம் அதே நிறத்தைச் சியான், மஜெண்டா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளால் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி அச்சிட்டது. அவற்றின் கீழே அந்த நான்கு மைகளின் அளவைக் காட்டும் சிஎம்ஒய்கே விழுக்காடுகளும், திரைக்கான ஆர்ஜிபி எண்களும், இணையத்துக்கான ஹெக்ஸ் குறியீடும் இருக்கும். பளபளப்புப் பூச்சுள்ள தாளில் அச்சிட்டது 'சி' என்றும், பூச்சில்லாத் தாளில் அச்சிட்டது 'யு' என்றும் தனித்தனிப் புத்தகங்களாகக் கிடைக்கின்றன.

இந்த மூன்று வகை எண்களும் ஒரே கட்டத்தின் கீழ் நிற்பதால்தான் கலர் மோடு (கோப்பு ஆர்ஜிபியிலா, சிஎம்ஒய்கேவிலா, தனிநிறத்திலா என்ற தேர்வு) பற்றிய பேச்சு இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எளிதாகிறது. ஆர்ஜிபி என்பது ஒளியைக் கூட்டும் முறை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் முழுதாக எரிந்தால் திரை வெண்மையாகிறது. அச்சில் நடப்பது கழித்தல். வெள்ளை அட்டையில் விழும் ஒளியின் ஒரு பகுதியை மை விழுங்கிவிட, மிச்சமே நம் கண்ணுக்கு வருகிறது. எனவே திரையில் தெரியும் மின்னலடிக்கும் பச்சையோ, ஆழ்ந்த நீலமோ, கொழுந்துவிடும் ஆரஞ்சோ நான்கு மைகளால் எட்ட முடியாத எல்லைக்கு வெளியே நிற்கின்றன. இதை வாயால் விளக்கினால் வாடிக்கையாளர் தலையசைப்பார், ஆனால் நம்பமாட்டார். அவர் கைபேசியில் வாட்சப் வழியாக வந்த ஆர்ஜிபி படத்தைப் பார்த்து ஒப்புதல் தந்திருப்பார்; அச்சாகி வந்த பெட்டியைப் பார்த்ததும் "மை குறைச்சுப் போட்டுட்டாங்களா?" என்று கேட்பார். ஆரஞ்சு 021 என்ற பக்கத்தைத் திறந்து இரண்டு கட்டங்களையும் காட்டினால், அந்தக் கேள்வி அச்சுக்கு முன்பே கேட்கப்பட்டு, முன்பே பதில் பெற்றுவிடுகிறது. தனிநிறக் கட்டம் தணலைப் போல் இருக்க, நாலு கலர்க் கட்டம் மங்கி நிற்பதை எவரும் மறுக்க முடியாது. நீலங்களும் அப்படியே. ரிஃப்ளெக்ஸ் புளூ என்ற நிறத்தை நாலு கலரில் பார்த்தால், அது அதே குடும்பத்தைச் சேர்ந்ததா என்ற ஐயமே எழும். தனி மையாகப் போட்டாலோ அது காய்வதற்கு நெடுநேரம் பிடித்து, அடுக்கிய அட்டைகளின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது அச்சகத்தார் எல்லோரும் அறிந்த தலைவலி.

ஆனால் புத்தகத்தின் பெரும்பகுதி இப்படி இல்லை என்பதுதான் முக்கியம். பழுப்பு, மெரூன், கடுகு மஞ்சள், செங்கல் நிறம், வெளிர்ப் பச்சை ஆகிய பக்கங்களைத் திருப்பினால் இரண்டு கட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, கடைப் பலகையில் அடுக்கிய பெட்டியில் யாருடைய கண்ணுக்கும் படாத அளவுக்குச் சிறியது. ஆற்காடு மக்கன் பேடா பெட்டியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெட்டியின் உயிர், பாகில் ஊறிய பேடாவின் பழுப்பு. அது புகைப்படமாக வருவதால் நாலு கலர் கட்டாயம். அந்தப் பழுப்பும், சுற்றிலும் வரும் மெரூன் பட்டையும் நாலு கலருக்குள் சௌகரியமாக அடங்கும் நிறங்கள். உரிமையாளர்கள் சிலர் மெரூனுக்கு மட்டும் ஸ்பெஷல் கலர் (தனிநிறம்) போடச் சொல்லிக் கேட்பார்கள். கலர் பிரிட்ஜில் அந்த மெரூனைக் காட்டியதும் கோரிக்கையைத் தாங்களே விட்டுவிடுவார்கள். ஐந்தாவது நிறம் என்றால் ஒரு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் வேண்டிய அச்சுத்தகடு) கூடும், நாலு கலர் மெஷினில் தாளை இரண்டாவது முறை ஓட்ட வேண்டும், முந்தைய மையைக் கழுவி இறக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்கு அத்தனையையும் செலவழிக்க எந்த இனிப்புக் கடைக்காரரும் விரும்புவதில்லை. உணவுப் படங்களில் சியானைக் குறைத்தே வைக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். சியான் சற்று ஏறினாலும் பேடா பழையதுபோல் கறுத்துத் தெரியும். அந்தத் திருத்தத்தை இந்தப் புத்தகம் கற்றுத்தராது.

தங்க நிறம் வேறு கதை. இனிப்புப் பெட்டி என்றாலே தங்கம் கேட்பார்கள். நாலு கலரில் தங்கம் வராது. வருவது கடுகு நிறம் மட்டுமே. உலோக மைகளும் ஒளிரும் நியான் மைகளும் கலர் பிரிட்ஜில் இடம்பெறுவதில்லை, அவற்றுக்குத் தனிப் புத்தகங்கள் வாங்க வேண்டும். எனவே தங்கம் பற்றிய பேச்சில் இந்தப் புத்தகம் பயனற்றது. உலோக மையா, ஃபாயில் (மின்னும் மெல்லிய படலம்) அடிப்பதா என்பதை அச்சகத்தில் கிடக்கும் பழைய பெட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தனிநிறமே சிக்கனமாக அமையும் வேலைகளும் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. குடியாத்தத்துத் தீப்பெட்டி, லுங்கிக் கட்டின் மேல் ஒட்டும் சீட்டு ஆகியவை புகைப்படம் இல்லாதவை. சிவப்பும் கருப்பும், அல்லது நீலமும் மஞ்சளும் என்று இரண்டு தட்டையான நிறங்களில் நிற்பவை. இவற்றை வழக்கத்தின் காரணமாகவே நாலு கலரில் அமைத்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு என்பது மஜெண்டாவும் மஞ்சளும் சேர்ந்து வருவதால், அந்த இரண்டு பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்த வேண்டும். சிறிய எழுத்துகளில் ரிஜிஸ்ட்ரேஷன் (அந்தப் பொருத்தம்) மயிரிழை விலகினாலும் ஓரத்தில் மஞ்சள் கசியும். 'ணை', 'ஜ' போன்ற சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துகளில் அந்தக் கசிவு சுழியையே அடைத்துவிடும். அதே சீட்டைத் தனிச் சிவப்பு, கருப்பு என்று இரண்டு மைகளில் வைத்தால், சிறிய ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு கலர் மெஷினிலேயே கூர்மையாக அடித்துவிடலாம், பிளேட் செலவும் குறையும். இத்தகைய வேலைக்குக் கலர் பிரிட்ஜின் இடப்பக்கக் கட்டம்தான் வழிகாட்டி. ஆனால் மையைக் கலக்கும் விகிதம் இதில் இல்லாததால், மை விற்பவரிடம் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும், அல்லது மெஷின்மேன் கட்டத்தைப் பார்த்துக் கண்ணளவில் கலக்க வேண்டும். அனுபவமுள்ள மெஷின்மேனின் கண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் ஆறு மாதம் கழித்து அதே சீட்டை மறுபடி அடிக்கும்போது, அந்தக் கண்ணுக்கு ஒப்பிட ஏதாவது வேண்டும்.

உணவுப் பொருளாக இருந்தால் இந்த இரண்டு நிறக் கணக்கு ஓரிடத்தில் இடறும். பொட்டலமிட்ட உணவுப் பொருளின் உறையில் சைவக் குறியீடு கட்டாயம். பச்சைக் கோட்டுச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். பழுப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அழகாக முடிக்க நினைத்த பெட்டிக்கு, அந்தச் சிறிய வட்டத்துக்காகவே மூன்றாவது மை ஒன்று தேவைப்படும். மூன்று மை என்ற நிலை வந்துவிட்டால் பெரும்பாலும் நாலு கலருக்கே போய்விடுவது நல்லது, அங்கே சியானும் மஞ்சளும் சேர்ந்து பச்சையைத் தந்துவிடும். கலர் மோடை முடிவு செய்வதற்கு முன் உறையின் பின்பக்கத்தை முதலில் வரையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கோடுக் குறியீடும் (பார்கோடு) அப்படித்தான்: கடைகளில் அதைப் படிக்கும் கருவிகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால், சிவப்பு மையில் அச்சிட்ட கோடுகள் அவற்றுக்கு வெள்ளையாகவே தெரியும். சிவப்பு கலந்த பழுப்பும் ஆபத்தானதே. கோடுகளைக் கருப்பு பிளேட்டில் மட்டும், நூறு விழுக்காட்டுக் கருப்பாக வைப்பதே பாதுகாப்பு.

கருப்பைப் பற்றி இன்னொன்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆற்காடு இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போனபோது, உறைகளில் முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. முகவரி வெறும் கருப்பில் இருந்த பெட்டிகளுக்கு ஒரே ஒரு பிளேட்டைப் புதிதாக எடுத்தால் போதும். முகவரியை அடர்பழுப்பில், நான்கு நிறமும் கலந்து வைத்திருந்தாலோ நான்கு பிளேட்டுகளையும் மாற்ற வேண்டும். ஆர்ஜிபியில் வடிவமைத்துக் கடைசியில் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும் கோப்புகளில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. ஆர்ஜிபியின் சுத்தமான கருப்பு, மாற்றத்துக்குப் பின் நான்கு மைகளாகப் பிரிந்து, சிறிய எழுத்தெல்லாம் நான்கு பிளேட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மீண்டும் புத்தகத்துக்கு வருகிறேன். அதன் பெரிய குறை, வலப்பக்கக் கட்டத்தின் கீழுள்ள சிஎம்ஒய்கே எண்களைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்ள அது இடம் கொடுப்பதுதான். அந்த எண்கள் அவர்களுடைய தாளில், அவர்களுடைய மெஷினில், கட்டுப்படுத்திய நிலையில் அடித்தபோது கிடைத்த நிறத்துக்கு உரியவை. நம் இனிப்புப் பெட்டிகள் வரும் டூப்ளெக்ஸ் அட்டையின் (ஒருபக்கம் வெண்பூச்சுள்ள பெட்டி அட்டை) வெள்ளை, அந்தத் தாளின் வெள்ளை அன்று; சற்றே மங்கலும் சாம்பலும் கலந்தது. கல்லுப்புக்கு எழுதிய அளவைத் தூளுப்புக்குப் போட்டால் குழம்பு என்னாகுமோ, அதுதான் இங்கும் ஆகும். சிஎம்ஒய்கே எண் என்பது நிறமல்ல. எவ்வளவு மை விழ வேண்டும் என்ற கட்டளை மட்டுமே. எந்த அட்டையில், எந்த மெஷினில் என்பது தெரியாமல் அந்தக் கட்டளைக்குப் பொருளில்லை. இதற்காகத்தான், எந்தத் தாளில், எந்த அச்சு முறையில் நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் வண்ண ப்ரொஃபைல் என்ற கோப்பு இருக்கிறது. பூச்சுள்ள தாளில் ஆப்செட் அச்சுக்கு ஐரோப்பிய ஃபோக்ரா 39 போன்றவை பரவலாக வழங்குகின்றன. ஆனால் பல டிடிபி நிலையங்களின் கணினிகளில், ஃபோட்டோஷாப்பை நிறுவியபோது வந்த அமெரிக்க ஸ்வாப் ப்ரொஃபைல் அப்படியே கிடக்கிறது; அது ரோல் தாளில் ஓடும் பத்திரிகை அச்சுக்காக உருவானது. அச்சகத்தில் எந்த ப்ரொஃபைலுக்குக் கோப்பு வேண்டும் என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் அது நல்ல அச்சகம். பதில் கிடைக்காவிட்டால், அவர்களே முன்பு அதே அட்டையில் அடித்த பெட்டி ஒன்றையும் அதன் கோப்பையும் வாங்கி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மொத்த மை அளவும் இதோடு சேர்ந்தது. நான்கு நிறங்களும் நூறு விழுக்காடு என்றால் நானூறு ஆகும். பூச்சுள்ள தாளில்கூட முந்நூறு அல்லது அதற்குச் சற்று மேல்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் மை காயாமல் ஒட்டும், மடிப்பில் வெடிக்கும்.

லேமினேஷனையும் (அச்சின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) இந்தப் புத்தகம் கணக்கில் கொள்வதில்லை. பளபளப்பான கிளாஸ் லேமினேஷன் நிறத்தை ஆழமாக்கும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கருப்பைச் சாம்பலாக இறக்கி, எல்லா நிறத்தையும் ஒரு படி அடக்கிவிடும். மேட் கேட்கும் வாடிக்கையாளரிடம் 'சி' புத்தகத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குவது இருவரையும் ஏமாற்றும். மேட் பிலிம் துண்டு ஒன்றைக் கட்டத்தின் மேல் வைத்துக் காட்டுவது ஓரளவு உதவும். பிலிம் ஒட்டாமல் மேலே கிடப்பதால் அதுவும் முழு உண்மையைக் காட்டாது.

கிராஃப்ட் என்ற பழுப்பு அட்டையில் இந்தப் புத்தகம் கைவிரித்துவிடுகிறது. ஆம்பூரிலிருந்து காலணிகளை ஏற்றிச் செல்லும் பழுப்புக் கரகேட்டட் (நெளி அட்டை) பெட்டிகளில் அச்சு பெரும்பாலும் ஃபிளெக்ஸோ (ரப்பர் போன்ற நெகிழும் தகட்டால் அச்சிடும்) முறையில், ஒன்றிரண்டு தனிநிறங்களில் நடக்கிறது. அச்சு மை ஒளியை ஊடுருவ விடுவதால், அட்டையின் பழுப்பு அடியில் நின்று எல்லா நிறத்தையும் தன் பக்கம் இழுக்கும். மஞ்சள் காணாமற்போகும், நீலம் மங்கும். 'சி' புத்தகமும் 'யு' புத்தகமும் வெள்ளைத் தாள்களில் அச்சானவை என்பதால் இரண்டுமே இங்கு துணையில்லை. ஆனால் உள்ளே வைக்கும் வெள்ளை அட்டைச் செருப்புப் பெட்டிக்கு நிலைமை மாறுகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் அடையாள நிறத்தைப் பேன்டோன் எண்ணாகவே தந்துவிடுவதால், அங்கே பேரம் பேச இடமில்லை: அந்த எண்ணைத் தனிநிறமாகவே போட வேண்டும். அப்போது இந்தப் புத்தகம் முடிவெடுக்கும் கருவியாக இல்லாமல் அளவுகோலாக மாறுகிறது. மெஷினிலிருந்து வரும் முதல் தாளையும் கட்டத்தையும் பக்கத்தில் வைத்து, 5000 கெல்வின் (பகல் வெளிச்சத்தை ஒத்த) ஒளியின் கீழ் பார்க்க வேண்டும். அச்சகத்தின் டியூப் லைட்டில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு நிறங்கள், வாசலுக்கு வந்ததும் வேறுபடக்கூடும்.

மென்பொருள் பக்கத்தில் ஒரு சங்கடம் சேர்ந்துள்ளது. 2022இல் அடோபி தன் மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பேன்டோன் நிறத் தொகுப்புகளை நீக்கத் தொடங்கியது. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த பேன்டோனுக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும் என்றாயிற்று. பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறந்தால் அந்த நிறங்கள் கருப்பாகத் தெரிகின்றன என்று உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் குமுறினர். நம் ஊர்களில் பெட்டி வடிவமைப்பின் பெரும்பகுதி கோரல் டிராவில் நடப்பதாலும், பழைய பதிப்புகளில் அந்தத் தொகுப்புகள் உள்ளேயே வந்ததாலும் இங்கே அதிர்ச்சி குறைவுதான். எப்படியானாலும், தனிநிறத்துக்குக் கோப்பில் சரியான பெயரும் தனி பிளேட்டும் இருந்தால் போதும். திரையில் அது எந்தச் சாயலில் தெரிகிறது என்பது அச்சைப் பாதிக்காது. கையிலிருக்கும் காகிதப் புத்தகத்தின் மதிப்பு இதனால் எனக்குக் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

ஃபோட்டோஷாப்பில் படத்தை ஆர்ஜிபியிலேயே வைத்துக்கொண்டு, கன்ட்ரோலும் ஒய்யும் அழுத்தினால் அச்சில் எப்படித் தெரியும் என்பதை முன்கூட்டிப் பார்க்கலாம். ஷிப்டையும் சேர்த்தால் எல்லைக்கு வெளியே உள்ள நிறங்கள் சாம்பலாகும். இது இலவசம். ஒரு பெட்டிக்கு நாலு கலர் போதுமா என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதிலை இதுவே தந்துவிடும், ப்ரொஃபைல் சரியாக இருக்கும் வரை. எல்லாவற்றையும் முதலிலேயே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிவிடாமல், புகைப்படத்தின் மூலப்பிரதியை ஆர்ஜிபியில் பாதுகாப்பது நல்லது. ஒருமுறை மாற்றியபின் இழந்த நிறம், திரும்ப ஆர்ஜிபிக்குப் போனாலும் வராது. அதே பேடா படம் பெட்டிக்கும் வேண்டும், இணைய விற்பனைப் பக்கத்துக்கும் வேண்டும்.

புத்தகத்தின் அமைப்பைப் பற்றி ஒரு முறையீடு. விசிறியாக விரியும் தாள்களில் நிறங்கள் எண் வரிசைப்படி இல்லாமல் சாயல் வரிசைப்படி அடுக்கப்பட்டிருப்பதால், வாடிக்கையாளர் ஓர் எண்ணைச் சொன்னால் கடைசியிலுள்ள அட்டவணையைத் தேடி, பின் பக்கத்தைத் தேட வேண்டும். நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்கு இது வசதி. அச்சகத்தில் நின்றுகொண்டு சரிபார்ப்பவருக்கு எரிச்சல்.

விலை பல ஆயிரம் ரூபாய். தாள் மஞ்சளாவதாலும், கைபட்டு மை தேய்வதாலும், ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை புதிது வாங்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். வேலூர் வெயிலில் மேசை மேல் விரித்தே கிடந்தால் அது இன்னும் சீக்கிரம் மங்கும். உறையிலிட்டு இழுப்பறையில் வைத்துப் பயன்படுத்தினால் கூடுதலாக உழைக்கும். ஒற்றைக் கடைக்காகப் பெட்டி அடிப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. தன் அச்சகத்தில் இருக்கிறதா என்று கேட்டு, அங்கே உட்கார்ந்து பார்த்தால் போதும். பல வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் வடிவமைப்பாளரும், ஏற்றுமதிப் பெட்டி அடிக்கும் அச்சகமும் வாங்கலாம். வாங்கினால் 'சி' புத்தகத்தை மட்டும் வாங்குவது போதுமானது, ஏனெனில் டூப்ளெக்ஸும் ஆர்ட் கார்டும் பூச்சுள்ளவை. 'யு' தேவைப்படுவது கைப்பை, லேபிள் போன்ற பூச்சில்லாத் தாள் வேலைகளுக்குத்தான். பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தால் நாலு கலரா தனிநிறமா என்று முடிவெடுக்கும் பேச்சுக்கு அது தாராளமாகப் போதும். ஏற்றுமதி வேலைக்கு மட்டும், வெளிநாட்டு வாடிக்கையாளர் எந்த ஆண்டுப் பதிப்பை வைத்துச் சரிபார்க்கிறார் என்பதைக் கேட்டு, அதே பதிப்பை வாங்குவது நல்லது.